நூலுக்கு வீசும் காற்று

நூற்பாலையின் ஸ்பின்னிங் ஹாலில் சுவரோரமாக இரண்டு வெப்பமானிகள் ஜோடியாகத் தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டும் காட்டும் அளவுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை அட்டவணையில் பார்த்து, ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று ஷிப்டுக்குப் பல தடவை பலகையில் எழுதுவார்கள். நூல் முறுக்கும் ரிங் ஃபிரேம் பகுதியில் 55 முதல் 60, பஞ்சு சீவும் கார்டிங்கில் கொஞ்சம் குறைவு, கோன் சுற்றும் இடத்தில் கொஞ்சம் கூடுதல். நாலு சதவீதம் இறங்கினாலே சூப்பர்வைசர், காற்றுக்கு ஈரமூட்டும் பிளான்ட் ரூமுக்கு ஓடி வந்துவிடுவார். இழை அறும், பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும், உற்பத்தி படுத்துவிடும். ஆனால் அதே ஹாலில் நிற்கிற ஆளின் மூக்குக்கு எதிரே எவ்வளவு தூசி மிதக்கிறது என்று எழுதி மாட்டிய பலகை, தான் வேலை செய்த எந்த மில்லிலும் இருந்ததில்லை என்கிறார் அந்தப் பிளான்ட் வேலை பார்க்கும் ஒருவர்.

கோவைக்காரர். டிப்ளமோ முடித்து 1990-களின் தொடக்கத்தில் ஒரு நூற்பாலையில் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஆபரேட்டராகச் சேர்ந்தவர். பிறகு பிளான்ட் நிறுவிக் கொடுக்கும் கம்பெனிக்குப் போனார். இப்போது சொந்தமாக அதே வேலையைச் செய்கிறார். கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் வட்டாரத்தில் அவர் கை படாத ஃபேன் அறைகள் குறைவு. மில் வட்டாரத்தில் இவரைப் போன்றவர்களைப் பொதுவாக ‘ஏ.சி. பிளான்ட்காரர்’ என்பார்கள். அங்கே இருப்பது ஏ.சி. அல்ல. ஹாலில் வெயில் காலத்தில் 33, 34 டிகிரி சாதாரணம். அந்தக் காற்று பஞ்சுக்காகத் தயாராகும் காற்று.

காரணம் பஞ்சின் குணத்தில் இருக்கிறது. பருத்தி இழை காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். ஈரம் ஏற ஏற அதன் வலு கூடும். காய்ந்தால் நிலைமின்சாரம் பிடித்து இழைகள் ஒன்றையொன்று தள்ளும், உடையும், பறக்கும். கோவையில் 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் ஆலையைத் தொடங்கியபோதும், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து வரிசையாக மில்கள் முளைத்தபோதும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று இந்த ஊருக்குக் கிடைத்த கொடை என்று பேசிக்கொண்டார்கள். இன்றைய ஸ்பிண்டில்களின் வேகத்துக்கு அந்தக் கொடை போதாது. காற்றைத் தயாரித்துத்தான் ஆக வேண்டும்.

தயாரிக்கும் விதம் எளிமையானது. வெளிக்காற்றை ஃபேன் இழுக்கும். நூற்றுக்கணக்கான நாசில்களிலிருந்து தண்ணீர் சாரலாகத் தெளிக்கும் அறை வழியாக அது போகும். அங்கே குளிர்ந்து நனையும். எலிமினேட்டர் தகடுகள் சொட்டு நீரைத் தடுத்துவிடும். பிறகு கூரையடி டக்ட் வழியாக ஹாலில் இறங்கும். இயந்திரங்களுக்கு அடியில் தரையில் கிரில் போட்ட ஓட்டைகள் இருக்கும். அவற்றின் வழியே காற்று பாதாளக் கால்வாய்க்குள் இறங்கி, ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் டிரம் ஃபில்டருக்கு வரும். சுற்றும் டிரம்மின் துணியில் பஞ்சு படிய, ஓர் உறிஞ்சுகுழாய் அதை வழித்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பின்னால்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற கதவு இருக்கிறது: டேம்பர். வடிகட்டிய காற்றில் எவ்வளவு வெளியே போக வேண்டும், எவ்வளவு மறுபடி உள்ளே திரும்ப வேண்டும் என்பது அந்தக் கதவின் கோணத்தைப் பொறுத்தது.

சித்திரை வெயிலில் டேம்பர் முழுதாகத் திறந்திருக்கும். புதுக்காற்று தாராளமாக வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில், மார்கழி இரவில் வெளிக்காற்றை விட்டால் ஈரப்பதமும் வெப்பமும் கணக்கில் நிற்காது. அப்போது டேம்பரை மூடி, உள்ளே இருக்கிற காற்றையே சுற்ற விடுவார்கள். கண்ணுக்குத் தெரியும் பஞ்சை டிரம் ஃபில்டர் பிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியில் ஒரு பகுதி துணியைத் தாண்டி மறுபடி ஹாலுக்கே வரும். மணிக்கு முப்பது நாற்பது தடவை ஹாலின் காற்று முழுதும் மாறுகிறது என்று பிளான்டின் அறிக்கையில் இருக்கும். மாறுவது உண்மை. எந்தக் காற்றைக் கொண்டு மாறுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

அவரை முதலில் யோசிக்க வைத்தவர் கார்டிங்கில் வேலை செய்த ஒரு பெரியவர். பிளான்ட் ரூம் வாசலில் காற்றாட உட்கார்ந்திருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார்: “லீவு முடிஞ்சு வர்ற அன்னிக்குத்தானுங்க தம்பி நெஞ்சப் புடிக்குது. மூச்சு இழுத்தா பாதியில நின்னுக்குது. மறுநாள் கொஞ்சம் தேவலை. வாரக் கடைசில ஒண்ணுந் தெரியாதுங்க.” நாள் முழுதும் தூசியில் நிற்கிறவருக்கு ஓய்வெடுத்த பிறகு ஏன் அதிகமாக வலிக்க வேண்டும்? தலைகீழாகத் தெரிந்த அந்தக் கணக்கைப் பிளான்ட்காரரால் விட முடியவில்லை. பழக்கமான நெஞ்சு மருத்துவர் ஒருவரிடம் கேட்டார். மருத்துவர் உடனே பெயர் சொல்லிவிட்டார்: பிசினோசிஸ்.

அந்தப் பெரியவர் சொன்னதை ஏறக்குறைய அதே வார்த்தைகளில் பெல்ஜியத்தின் கெண்ட் நகரப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 1845-லேயே அங்கிருந்த இரண்டு மருத்துவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்: திங்கள், செவ்வாயில்தான் தூசி அதிகமாகப் படுத்துகிறது என்று. அதற்கும் முன்பே, 1831-இல், மான்செஸ்டரில் ஜேம்ஸ் ஃபிலிப்ஸ் கே நூற்பாளர்களின் நெஞ்சு நோயைப் பற்றி எழுதிவிட்டார். இத்தாலியில் ரமசினி, சணலும் ஆளியும் சீவுகிறவர்களின் இருமலை 1700-இல் வெளியான தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். 1950-களில் லங்காஷயரில் ரிச்சர்ட் ஷில்லிங் கார்டு அறைகளை ஆராய்ந்தார். பழங்கதையாகிவிட்டது என்று நினைத்த நோய் அங்கே உயிரோடு இருந்தது. ஓய்வு கழிந்து திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுகிறதா, மற்ற நாட்களிலும் இறுகுகிறதா, மூச்சுத்திறன் நிரந்தரமாகக் குறைந்துவிட்டதா என்று அவர் படிப்படியாகப் பிரித்த வரிசையைத்தான் உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தினார்கள். ஆரம்ப நிலையில் தூசியை விட்டு விலகினால் ஆள் தேறிவிடலாம். கடைசிப் படிக்குப் போன நுரையீரல் திரும்பாது. வேலையை விட்டாலும் மூச்சிரைப்பு கூடவே வரும்.

தூசி என்று பொதுவாகச் சொன்னாலும் குற்றவாளி வெறும் பஞ்சல்ல. செடியில் காய்க்கு அடியில் இருக்கும் பூவடிச் செதிலும் இலைச் சருகும் நொறுங்கிப் பஞ்சோடு வருகின்றன. அவற்றில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்களின் உறையிலிருந்து எண்டோடாக்சின் என்ற நச்சு வெளிப்படுகிறது. மூச்சுக்குழாயைச் சுருக்குவதில் அதற்குப் பெரிய பங்கு இருப்பதை 1980-களின் ஆய்வுகள் காட்டின. அதனால்தான் பேல் உடைக்கும் மிக்ஸிங், புளோ ரூம், கார்டிங் ஆகிய முதல் மூன்று இடங்கள் மோசமானவை. சருகு அங்கேதான் அடித்துப் பிரிக்கப்படுகிறது. நூல் முறுக்கும் இடத்துக்கு வரும்போது பஞ்சு ஏறக்குறைய சுத்தமாகிவிடும்.

லங்காஷயர் திங்கட்கிழமையை வைத்து நோயைக் கண்டுபிடித்தது. நம் மில்களில் அந்தத் திங்கட்கிழமையே இல்லை. இயந்திரம் ஏழு நாளும் ஓடுகிறது. வார விடுமுறை ஆளுக்கு ஒரு நாள், சுழற்சி முறையில். இன்று இவருக்கு நெஞ்சு அடைக்கும், நாளை மறுநாள் பக்கத்து மெஷின் அக்காவுக்கு. நூறு பேர் ஒரே காலையில் இருமியிருந்தால் மேலாளருக்கும் கேட்டிருக்கும். ஒவ்வொருவராக, ஒவ்வொரு நாளாக இருமினால் அது அவரவர் உடல்வாகு ஆகிவிடுகிறது. ‘அவங்களுக்குச் சளி உடம்பு’ என்று சக தொழிலாளியே சொல்வார். பிளான்ட்காரர் இதைப் புரிந்துகொண்ட பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டார். “இருமல் இருக்கா?” என்று கேட்பதில்லை. “லீவு முடிஞ்சு வந்த மொத நாள் எப்படி இருக்கும்?” என்று கேட்பார். கார்டிங்கில் அந்தக் கேள்விக்குப் பதில் உடனே வரும்.

மருத்துவமனையிலும் நோய் வேறு பெயரில் ஒளிந்துகொள்கிறது. மூச்சிரைப்போடு போகிறவருக்கு ஆஸ்துமா என்று எழுதுவார்கள். சளியைப் பரிசோதித்து டி.பி. இல்லை என்று அனுப்புவார்கள். பீடி பிடிக்கிறவராக இருந்தால் பழி பீடி மேல். எந்த டிபார்ட்மென்டில் வேலை என்ற கேள்வி பல சமயம் சீட்டில் ஏறுவதே இல்லை. இத்தனைக்கும் 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே பிசினோசிஸ் அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. நிர்வாகமும் பார்த்த மருத்துவரும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இழப்பீட்டுக்கான தொழில்நோய்ப் பட்டியலிலும் இடம் உண்டு. காகிதத்தில் இவ்வளவு இருந்தும் ஒரு தொழிலாளி அதை எட்ட முடியாமல் போவது அநியாயம். இளம் வயதில் விடுதியில் தங்கி மூன்று நான்கு வருடம் வேலை செய்து, திருமணத்துக்கு ஊர் திரும்பும் பெண்களின் நுரையீரலைப் பிறகு யார் சோதிக்கிறார்கள்? வடக்கிலிருந்து வந்து திரும்பிப் போகிறவர்களுடைய கணக்கும் மில்லின் பதிவேட்டில் நிற்காது. மூச்சு முட்டியவர் நின்றுவிடுகிறார், முட்டாதவர் தொடர்கிறார். தொடர்கிறவர்களை மட்டும் எண்ணினால் மில் ஆரோக்கியமாகத்தான் தெரியும்.

வரம்பு என்ன என்று மேலாளர்கள் அவரிடம் கேட்பார்கள். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் பச்சைப் பஞ்சுத் தூசிக்கு ஒரு கன மீட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று வைத்திருந்தது. கேட்டவர்கள் தலையாட்டுவார்கள், எண் மனதில் தங்காது. அதனால் அவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவார். அதே சட்டம் ஒரு தொழிலாளிக்குக் குறைந்தது 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்றது. அந்த இடம் முழுவதிலும் சேர்த்து மிதக்கக்கூடிய தூசி மூன்று மில்லிகிராமுக்குள் அடங்க வேண்டும். ஓர் அரிசி மணியின் எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அரிசி மணி அளவு தூசியை அந்த இடத்தில் விசிறிவிட்டால் வரம்பைப் போல ஐந்து மடங்குக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். இதைக் கேட்டதும் ஹாலை நிமிர்ந்து பார்க்காத மேலாளர் இல்லை.

அளப்பதற்கு வெர்டிகல் எலூட்ரியேட்டர் என்ற கருவி உண்டு. நின்ற குழாய், நிமிடத்துக்கு 7.4 லிட்டர் காற்றை மெதுவாக மேல்நோக்கி இழுக்கும். கனமான பஞ்சு கீழே தங்கிவிடும், மூச்சில் இறங்கும் நுண்தூசி மட்டும் மேலே ஃபில்டர் தாளில் சேரும். ஷிப்ட் முழுக்க ஓட்டி, தாளை எடை போட வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. கோவையில் 1956 முதல் இயங்கும் சிட்ரா போன்ற ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கிற ஊரில் ஆலைகளுக்கு இது எட்டாத சங்கதி அல்ல. எங்கே வைத்து, எந்த நேரத்தில் அளக்கிறார்கள் என்பதுதான் அவருடைய கவலை. ஹாலின் நடுவழியில், பகலில், டேம்பர் திறந்திருக்கும்போது எடுத்த அளவு கார்டிங் மெஷினுக்குள் குனிந்து சுத்தம் செய்கிறவரைப் பற்றி எதுவும் சொல்லாது.

கருவி இல்லாத நாட்களில் அவர் நம்பும் சோதனை ஒன்று. வேறு தொழிற்சாலைகளில் காற்று போகும் திசை பார்க்கப் புகை விடுவார்கள், ஊதுபத்தி பிடிப்பார்கள். பஞ்சாலையில் நெருப்பு வாசனையே ஆகாது. அதனால் முழங்கை நீள நூலை எடுத்து ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மெஷின் அடியில் உள்ள கிரில் அருகே குந்துவார். நூல் விறைத்து உள்ளே சாய்ந்தால் உறிஞ்சல் சரி. சோம்பலாக ஆடினால் கால்வாயில் அடைப்பு. வெளிப்பக்கமாக மிதந்தால் கால்வாயிலிருந்து காற்று திரும்பி வருகிறது. அந்த மெஷின்காரர் நாள் முழுதும் அடுத்தவர் தூசியைச் சுவாசிக்கிறார். ஒரு தடவை வரிசையின் கடைசி நான்கு மெஷின்களில் நூல் ஆடாமல் நின்றது. கால்வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, மெத்தைக்கு அடைக்கும் அளவு பஞ்சு படிந்து முக்கால்வாசி பாதை மூடிக் கிடந்தது. ஈரப்பதம் மட்டும் பலகையில் எழுதியபடி சரியாகவே இருந்தது.

அவர் அதிகமாகச் சண்டை போட்டது ஏர் ஹோஸ் விஷயத்தில். ஷிப்ட் முடிவில் மெஷின் மேல் படிந்த பஞ்சைக் கம்ப்ரஸ்டு ஏர் பீய்ச்சி ஊதிவிடும் பழக்கம் நம் மில்களில் ஊறிப்போனது. ஐந்து நிமிடத்தில் மெஷின் பளிச்சென்று ஆகும். தூசி எங்கேயும் போவதில்லை. படிந்திருந்தது காற்றில் எழும்புகிறது, கனமானது விழுந்த பிறகும் நுண்ணியது நீண்ட நேரம் மிதக்கிறது. அமெரிக்காவின் 1978-ஆம் ஆண்டுப் பஞ்சுத்தூசி விதி, வேறு வழி இருக்கும் இடத்தில் இப்படி ஊதிச் சுத்தம் செய்வதையே தடை செய்தது. நூல் உற்பத்திக்கு அதே 0.2 மில்லிகிராம் வரம்பு, திரும்ப வரும் முதல் நாளில் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் மூச்சுத்திறன் சோதனை ஆகியவையும் அதில் உண்டு. அந்த விதி சும்மா வரவில்லை. கரோலினா மாநிலங்களில் நுரையீரல் கெட்ட மில் தொழிலாளர்கள் 1975-இல் சங்கம் அமைத்து, மூச்சு வாங்கிக்கொண்டே விசாரணைகளில் வந்து பேசினார்கள். ஆலை முதலாளிகள் செலவைக் காட்டி உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1981-இல் நீதிமன்றம் விதி செல்லும் என்றது: செய்ய முடிகிறதா என்று பார்த்தால் போதும், தொழிலாளியின் உடல்நலத்தைச் செலவோடு தராசில் வைக்கச் சட்டம் சொல்லவில்லை என்றது. அவர் இந்த வழக்கைத் தன் வாடிக்கையாளர்களிடம் அடிக்கடி எடுத்துச் சொல்வார். அமெரிக்க ஆலைகள் அந்தக் காலத்தில் போட்ட மூடிய கார்டிங் இயந்திரங்களின் வழித்தோன்றல்கள்தான் இன்று நம் ஊர்ப் புது மில்களிலும் நிற்கின்றன. இயந்திரத்தை வாங்கிக்கொண்டோம், விதியின் மற்ற பாதியை விட்டுவிட்டோம் என்பது அவர் வருத்தம்.

காற்றைக் கழுவும் தண்ணீரும் ஆளைக் கெடுக்கும். தொட்டியில் அதே நீர் நாள்கணக்கில் சுற்றும். பஞ்சு விழுந்து ஊறும், பாசி பிடிக்கும், கிருமி பெருகும். ஃபேன் அதைச் சாரலாக்கி ஹாலுக்கு அனுப்பும். ஈரக்காற்றுக் கருவிகளால் வரும் காய்ச்சல் என்று மருத்துவத்தில் தனியாகவே ஒன்று உண்டு. அதுவும் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் குளிரும் உடல்வலியுமாக வந்து, தானாக அடங்கும். செயற்கையாக ஈரமூட்டப் பயன்படும் நீர் பொதுக் குடிநீராகவோ நன்றாகச் சுத்திகரித்ததாகவோ இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொன்னது. எலிமினேட்டர் தகட்டை விரலால் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம். வழுவழுப்பு இருந்தால் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, “இந்தத் தண்ணிய நீங்க குடிப்பீங்களா? அப்ப அவங்க எதுக்கு மூச்சுல இழுக்கணும்?” என்பார். தொட்டியை இறக்கிக் கழுவும் நாளை அவரே காலண்டரில் குறித்துவிட்டுத்தான் கிளம்புவார்.

மாஸ்க் பற்றிப் பேசினால் அவருக்குக் கோபம் வரும். 33 டிகிரி, 58 சதவீத ஈரத்தில் எட்டு மணி நேரம் இறுக்கமான என்-95 போட்டுக்கொண்டு நிற்கச் சொல்வது நடக்காத காரியம். துப்பட்டாவைச் சுற்றிக் கட்டினால் பஞ்சு நிற்கும், நுண்தூசி நிற்காது. டிரம் ஃபில்டர் துணி கிழிந்திருக்கும் மில்லில் பெட்டி பெட்டியாக மாஸ்க் வாங்கி அடுக்கியிருப்பதை அவர் பார்த்திருக்கிறார். பேல் உடைக்கும் இடத்திலும், தூசிப்பையை மாற்றும்போதும் நல்ல மாஸ்க் அவசியம்தான். ஹால் முழுவதற்கும் அதுவே பதில் என்றால் பிளான்டை நிறுத்திவிடலாமே என்பது அவர் வாதம்.

பேச்சு கடைசியில் கரண்டு பில்லில் வந்து நிற்கும். மில்லின் மின்செலவில் பிளான்டின் பங்கு கணிசமானது; 15, 20 சதவீதம் வரை போவதுண்டு. சிக்கனம் என்றாலே ஃபேன் வேகத்தைக் குறைப்பதில்தான் முதலில் கை வைப்பார்கள். ஃபேன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே மின்சாரம் பெரிய அளவில் மிச்சமாவது உண்மை. ஐந்தில் ஒரு பங்கு வேகம் குறைந்தால் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அவரும் இன்வெர்ட்டர் டிரைவ் போட்டுக் கொடுப்பவர்தான். ஆனால் புளோ ரூம், கார்டிங் உறிஞ்சலில் கை வைக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவார். சில மில்கள் அந்த நிபந்தனைக்காகவே அவரைக் கூப்பிடுவதில்லை.

இப்போது அவர் உடுமலைப் பக்கம் ஓர் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்லில் வேலை செய்கிறார். திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்டும், கோம்பர் கழிவும் அங்கே மறுபடி நூலாகின்றன. கழிவை மறுபடி நூற்பது நல்ல காரியம். ஆனால் அந்தக் கழிவை வில்லோ மெஷினில் போட்டு உதறும் இடத்தில் எதிரே நிற்கிற ஆள் தெரிய மாட்டார். இதுவரை வில்லோ ஹாலின் மூலையிலேயே ஓடியது. அதன் தூசியை மொத்த ஹாலும் பங்கிட்டுக்கொண்டது. அதற்குத் தனி அறை கட்டி, மெஷினின் வாயருகே தனி உறிஞ்சல் வைத்து, அந்தக் காற்று எக்காரணம் கொண்டும் ஹாலுக்குத் திரும்பாதபடி வேறு ஃபில்டருக்குக் கொண்டுபோகிறார். வில்லோவில் பஞ்சு போடும் இரண்டு பெண்களை நிற்க வைத்து, அவர்கள் கை நீட்டும் உயரம் பார்த்துத்தான் ஹூடின் அளவை வெட்டினார். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் டக்ட் ஏறிவிட வேண்டும். முதல் தூசி அளவீட்டை டேம்பர் மூடியிருக்கும் மழைக்கால இரவு ஷிப்டில், அந்தப் பெண்கள் நிற்கும் இடத்தில் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறார். அளவு 0.2-க்கு மேல் இருந்தால் கடைசித் தவணைப் பணம் கிடைக்காது; அந்த வரியையும் அவரேதான் சேர்த்தார்.